குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள்

எங்கள் மருந்து ஆய்வில் மொத்தம் முப்பத்தோரு நோயாளிகள். ஏழு மாதத்தில் உடைந்தவை ஒன்பது மணிக்கட்டு, நான்கு விலா எலும்பு, ஒரு தாடை. இவற்றில் ஒன்றுகூட நோயாளிகளுடையது அல்ல. எல்லாம் அவர்களுடைய மனைவிமாரின் எலும்புகள். கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்களாம்.

என் பெயர் பரிமளா. அந்த ஆய்வுக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. மாத்திரை கொடுப்பது, காலி அட்டையைத் திரும்ப வாங்கி எண்ணுவது, இருபத்திரண்டு கேள்வி கேட்டுப் படிவத்தை நிரப்புவது, இதுதான் வேலை. இருபத்திரண்டும் நோயாளியைப் பற்றிய கேள்விகள். வாந்தி உண்டா, மலத்தில் ரத்தம் உண்டா, காயம் ஏதும் பட்டதா. கூட வந்தவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. ஆனாலும் இத்தனை பேர் வழுக்கி விழுகிறார்களே என்று ஆய்வுக் குழு கவலைப்பட்டது. கூட்டம் போட்டுப் பேசி, வீட்டுக்கு ஒரு ரப்பர் பாய் கொடுப்பதென்று முடிவெடுத்தது. பச்சை நிறப் பாய், அடியில் வட்ட வட்டமாகப் பிடிமானம். முப்பத்தோரு பாயையும் நான்தான் என் கையால் கொடுத்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாச்சிமுத்துவும் அவர் மனைவி மயிலாத்தாளும் முதல் நாள் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கம். நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போய்க் குழாய்க்கிணறு போட்டவர். பெருங்குடலில் புற்று. ஆய்வை நடத்திய டாக்டர் எழில்நம்பி அவர்களை உட்காரவைத்து விளக்கினார்.

"கட்டி அதே எடத்துல கிடந்தா ஆள் சாக மாட்டார். அது வேலி தாண்டி ஈரலுக்குப் போறதுதான் ஆபத்து. அப்படிப் போகாம இருக்க ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு காவல்காரன் இருக்கான். மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேரு. ரொம்பப் பொடியன். ஆனா செல்லை நகர விடமாட்டான். புத்துநோய் அவனைக் கொல்றதில்ல. அறைக்குள்ள போட்டுப் பூட்டிடுது. இந்த மாத்திரை அந்தப் பூட்டைத் திறக்கும். காவல்காரன் வெளிய வருவான். கட்டி நகராது."

நாச்சிமுத்து கேட்டார்.

"ஏனுங் டாக்டரு, ஒடம்புல வேற பூட்டு இல்லீங்களா? நாங்க தண்ணிக்குன்னுதான் குழி போடுவோம். சமயத்துல அடுத்தவன் கெணத்துத் தண்ணியும் சேந்து வந்துரும். இது சரியா அந்த ஒரு பூட்டைத்தான் தொறக்குமுங்களா?"

டாக்டர் சிரித்து, நல்ல கேள்வி என்று பாராட்டினார். பதில் சொல்லவில்லை. நானும் கவனிக்கவில்லை, கையெழுத்து வாங்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன்.

அன்றே மயிலாத்தாள் என்னோடு ஒட்டிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, ஓயாத பேச்சு. ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்து தக்காளிச் சோற்றை அவருக்குப் போட்டுக் கொடுத்தாள். அவர் பாதி தின்று தள்ளி வைத்ததும் அதே தட்டில் மீதியை அவள் சாப்பிட்டாள். "புதுசாப் போட்டுச் சாப்பிடலாமே அக்கா" என்றேன். "எதையும் வீசறதுக்கு எனக்கு மனசு வராது அம்மிணி. போன மாசம் அவரோட இருமல் மருந்து அரை பாட்டலு கெடந்துது. வீணாப் போகுதேன்னு நான் குடிச்சுப்போட்டன்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆய்வில் ஆண்களை மட்டும்தான் சேர்த்திருந்தோம். பெண் உடம்பில் மாதாமாதம் மாறும் சங்கதிகள் முடிவைக் குழப்புமாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நான்காம் மாத ஸ்கேனில் ஒரு கட்டிகூட நகர்ந்திருக்கவில்லை. முப்பத்தோரு பேருக்கும் அப்படித்தான். டாக்டர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நோயாளிகள் அந்த மருந்துக்குச் 'சாவி மாத்திரை' என்று பெயர் வைத்துக் கும்பிடாத குறையாக வாங்கிப் போனார்கள். அந்த மாதத்தில்தான் மனைவிமார் வழுக்கி விழத் தொடங்கினார்கள்.

எனக்கு உண்மை தெரிந்தது ஐந்தாம் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நாச்சிமுத்துவின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது மயிலாத்தாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள், ஃபைல் அவளிடம் இருந்தது. அவள் வருவதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அவர் எழுந்து போய் அவள் கொண்டையைப் பிடித்தார். அவசரமே இல்லை அவரிடம். இரும்பு நாற்காலியின் கைப்பிடியில் அவள் முகத்தை மோதினார். ஒரு தடவை, இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை பல் தெறித்து என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் சரிந்ததும் விலாவில் மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதைவிட என்னை நடுங்கவைத்தது அவளிடமிருந்து சத்தமே வராததுதான். முழங்கைகளை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தாள். அப்படிச் சுருள அந்த உடம்புக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

ஆஸ்பத்திரிக் காவலாளிகள் மூன்று பேர் சேர்ந்து அவரை இழுத்தார்கள். ஒருவனின் காதை அவர் கடித்துவிட்டார். பிறகு சட்டென்று அடங்கி, தன் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நான் மயிலாத்தாளைத் தூக்கினேன். வாயெல்லாம் ரத்தம்.

"வழுக்கி உழுந்துட்டன் அம்மிணி" என்றாள்.

நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். கூடத்தில் குளியலறையும் இல்லை. சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற மனைவிமார் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் கையில் மாவுக்கட்டு இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, மடச்சி எனக்கு.

கட்டுப் போடும் அறையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணிக்கட்டும் போயிருந்தது. மாவு காயும்வரை பேசினாள்.

"கட்டிக்கிட்டு வந்த புதுசுல இப்படித்தான் அம்மிணி. குடியெல்லாங் கெடையாது. சும்மாவே அடிப்பாரு. ஆறு மாசம் முழுகாம இருந்தன். உதைச்சதுல கலைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கொழந்தையே நிக்கல." வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். "அன்னைக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போய், எரியற கற்பூரத்தை உள்ளங்கையிலயே அணைச்சுச் சத்தியம் பண்ணாரு. அந்தத் தழும்பு இன்னமும் இருக்குது. அதுக்கப்புறம் முப்பது வருசம் ஒரு சுடுசொல்லுகூட இல்ல. எனக்குக் காச்சல்னா அவருதான் கஞ்சி வெப்பாரு. என்ர துணியத் தொவைப்பாரு. ஊரே சிரிச்சுது, அவரு கண்டுக்கல."

"இப்ப?"

"இப்ப மறுபடியும் பழைய ஆளு. மூணாவது அட்டை மாத்திரை தின்னதுல இருந்து."

"நான் எழுதப்போறேன் அக்கா."

கட்டுப் போட்ட கையோடு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதீராத அம்மிணி. எழுதுனா மருந்தை நிறுத்திப்போடுவாங்க. அவரு செத்துப்போயிருவாரு. எனக்கு மொத இருந்த மனுசன் வேண்டாம், இப்ப இருக்கற மனுசனும் வேண்டாம். நடுவுல இருந்த மனுசன் வேணும். அவரு இதுக்குள்ளதான எங்கியோ இருக்காரு? இவரு செத்தா அவருமல்ல போயிருவாரு?"

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். "உனக்குக் கோபமே வராதாக்கா?" என்று கத்திவிட்டேன்.

"வந்துட்டுத்தான் இருந்துச்சு" என்றாள். "வயசுப்புள்ளையா இருக்கறப்ப எங்கூர்ல ஒருத்தன் கையப் புடிச்சு இழுத்தான். மம்பட்டிக் காம்புல மண்டைய ஒடச்சுப்போட்டன், பதினாலு தையலு. கண்ணாலத்தன்னைக்கு எங்கம்மா சொன்னாங்க, அந்தக் கோவத்த இங்கயே உட்டுட்டுப் போ மயிலுன்னு. உட்டுட்டுத்தான் வந்தன்."

அவள் கெஞ்சியும் கேட்காமல் டாக்டரிடம் போனேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருத்தன் தன்னோட குணத்தை அடக்கி வருஷக்கணக்கா வாழ்ந்தா, மூளையிலயும் அந்த எடத்துல பூட்டு விழுது பரிமளா. அது விழுந்துட்டா அப்புறம் அடக்கவே வேண்டாம், தானா அடங்கிக் கிடக்கும். மாத்திரைக்குக் குடல் பூட்டு எது, மூளைப் பூட்டு எதுன்னு தெரியாது. எல்லாத்தையும் திறக்குது."

"இது முன்னாடியே தெரியுமா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எலிகள் ஒண்ணையொண்ணு கடிச்சுக் குதறுச்சு. ரெண்டு செத்துப்போச்சு. அதனால தனித்தனிக் கூண்டுல போட்டோம். நாங்க அளந்தது கட்டியை மட்டும்தான்."

"எலிக்குத் தனிக் கூண்டு கொடுத்தீங்க. இந்தப் பொம்பளைங்களுக்கு ரப்பர் பாய் கொடுத்தீங்க."

"கத்தாதே. எந்தக் கேள்விக்குக் கீழ எழுதப்போறே? நோயாளிக்குக் காயம் உண்டா? இல்ல. நோயாளியோட கட்டி நகர்ந்துச்சா? இல்ல. எழுதி நிறுத்தினா முப்பத்தோரு பேரும் ஒரு வருஷத்துல சாவாங்க. நீ போய் அவங்க சம்சாரங்ககிட்டக் கேளு, நிறுத்தட்டுமான்னு."

நான் கேட்க வேண்டியதே இல்லை. ஒருத்தி சொன்ன பதில் இன்னும் என் புடவையில் கசங்கிக் கிடந்தது. எழுதாமல் விட்டேன். அதற்கு ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் என்ற ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறாம் மாதம் மயிலாத்தாள் புதுக் காயம் இல்லாமல் வந்தாள். எனக்கு உயிர் வந்தது. நாச்சிமுத்துவும் கொஞ்சம் தணிந்திருந்தார். முறைத்தார், பல்லைக் கடித்தார், ஆனால் கை நீளவில்லை. காலி அட்டைகளை எண்ணினேன். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் ஒரு மாத்திரைகூடக் குறையாமல் தீர்ந்திருந்தது. ரத்தத்தில் மட்டும் மருந்தின் அளவு பாதியாக இருந்தது. உடம்புக்குப் பழகியிருக்கும் என்றார் டாக்டர். கூடத்தில் மயிலாத்தாளைச் சுற்றி ஏழெட்டு மனைவிமார் உட்கார்ந்து தலைகளைச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்தினார்கள். சமையல் பேச்சாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதம். கூடத்துக்குள் நுழைந்தபோது முதலில் தூக்குப்போசிதான் கண்ணில் பட்டது. மயிலாத்தாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், தட்டு நிறையப் போட்டு, நிதானமாக. பக்கத்து நாற்காலியில் நாச்சிமுத்து காத்திருந்தார். அவருடைய வலது கையில் தோள் வரைக்கும் மாவுக்கட்டு. இடது கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். அவள் பாதி தின்று தட்டைத் தள்ளினாள். அவர் இடது கையால் மீதியைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அறைக்குள் வரச் சொல்லிப் படிவத்தை எடுத்தேன். பத்தொன்பதாம் கேள்வி.

"நோயாளிக்குக் காயம் ஏதாவது பட்டதா?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டனுங்" என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"பொய்யி" என்றாள் மயிலாத்தாள். "நாந்தான் அடிச்சன். குழாய் முடுக்கற அவரோட பைப் ரெஞ்சுலதான்."

"அக்கா..."

"ராத்திரி மாத்திரைய அவருக்குக் குடுக்கறதில்ல. டாக்டரு ஒண்ணு போதும்னுட்டாங்கன்னு சொல்லிப்போட்டன். பாதி மருந்துக்குப் பாதிக் கோவந்தான வரும்? உசுரும் போகாது. ஆனா நீ அட்டைய எண்ணுவியே. எண்ணறதுக்குச் சரியா இருக்கணும். அம்புட்டு ஒசத்தி மருந்த சாக்கடையில வீசறதுக்கும் மனசு வல்ல. அதான் நான் முழுங்கிட்டன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

பெண்களை யாரும் சேர்க்காத ஆய்வில் முப்பத்திரண்டாவது ஆளாக அவளாகவே சேர்ந்துவிட்டிருக்கிறாள். கணவன் மிச்சம் வைத்ததைத் தின்றே பழகிய ஒருத்தி வேறு என்ன செய்வாள்?

"வெள்ளிக்கெழம காத்தால காப்பி ஆறிப்போச்சுன்னு கைய ஓங்குனாரு" என்றாள். "ரெஞ்சு கைக்கு எட்டுற மாதிரி இருந்துச்சு. ஒரே அடியில கை தொங்கிப்போச்சு. அதோட உட்டிருக்கலாம். உடல. உழுந்தவரு மேல ஏறி உக்காந்து அடிச்சன். மூஞ்சியில அடிச்சன். அவரு அப்படியே சுருண்டாரு, நான் சுருளுவனே அதே மாதிரி. அதப் பாத்தும் நிறுத்தல." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அடிக்கறப்ப நல்லா இருந்துச்சு அம்மிணி. அதச் சொல்றதுக்குத்தான் பயமா இருக்குது. அப்பிடி நல்லா இருந்துச்சு."

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். "எழுதீராதீங்க அம்மிணி. மருந்த நிறுத்திப்போடுவாங்க. நான் வழுக்கித்தான் உழுந்தன்."

"எழுது" என்றாள் மயிலாத்தாள். "மொதல்ல என்னுதுல இருந்து எழுது. ரெண்டு விலா, ஒரு மணிக்கட்டு, மூணு பல்லு. அப்புறம் என்ர கொழந்தை. அப்புறமா அவரோட கை."

நாச்சிமுத்து தடுக்க வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

எழுதினேன். அவள் சொன்ன வரிசையில், இடம் போதாமல் ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதினேன். மற்ற பதினொரு வீடுகளையும் பெயரோடு சேர்த்தேன்.

அடுத்த நாள் மதியமே உத்தரவு வந்துவிட்டது. 'நோயாளி ஒருவருக்கு ஏற்பட்ட கடுங்காயத்தை முன்னிட்டு, நோயாளிகளின் பாதுகாப்புக் கருதி ஆய்வு உடனடியாக நிறுத்தப்படுகிறது.' திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்த ஒரு கையைத் தவிர வேறு எந்த எலும்பும் அதில் இல்லை. ஏழு மாதமாகப் பதினான்கு எலும்புகள் உடைந்தபோது அசையாத குழு, நாச்சிமுத்துவின் கை உடைந்ததும் இருபத்தைந்து மணி நேரத்தில் எழுந்து நின்றது. பாய் கொடுத்த கூட்டத்துக்கே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

மீதி மாத்திரைகளைத் திரும்ப ஒப்படைக்க மற்ற முப்பது குடும்பங்களும் வந்தன. அட்டைகளை எண்ணினேன். எல்லார் கணக்கும் சரி. கடைசியாக ரத்தம் எடுத்தோம். பத்தொன்பது ஆண்களின் ரத்தத்தில் மருந்து பாதிதான் இருந்தது. மனைவிமாரின் ரத்தத்தை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, எடுக்கவும் தேவைப்படவில்லை. கூடத்தில் போய்ப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்துத் திருச்செங்கோட்டுக்குப் போனேன். கட்டி வேலி தாண்டி ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. நாச்சிமுத்து கட்டிலில் கிடந்தார். கட்டுப் பிரித்த கை கோணலாகக் கூடியிருந்தது. வாங்கம்மிணி என்று மெதுவாகச் சொல்லிச் சிரித்தார். மயிலாத்தாளிடம், புள்ளைக்குக் காப்பி வெச்சுக் குடு, நீயும் ஒரு வாய் குடி, காத்தால இருந்து வேலை பண்ணிட்டே இருக்கற என்றார். அத்தனை கனிவு. என் கண் கலங்கிவிட்டது.

அடுப்படியில் அவளிடம் சொன்னேன். "நீ கேட்ட மனுஷன் வந்துட்டாருக்கா."

அவள் பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சன். டாக்டரக் கூப்புட்டுக் கேட்டன். தொறந்த பூட்டு மறுபடி உழுகறதுக்கு வருசக்கணக்கா ஆகுமாமா. மூணு மாசத்துல உழுகாதாமா. அப்ப இது என்ன அம்மிணி? பூட்டு இல்ல, பயம். என்னக் கண்டு பயம்." கிளறுவதை நிறுத்தினாள். "அன்னைக்கும் மாரியாத்தாளுக்குப் பயந்துதான அடங்குனாரு? அந்த முப்பது வருசமும் அவருக்கு என்மேல ஆசை இருந்துச்சா, இல்ல சாமிகிட்டப் பயம் மட்டுந்தான் இருந்துச்சான்னு இப்ப எனக்குத் தெரியல. எனக்குன்னு இருந்தது அந்த ஒண்ணுதான். அதையுந் தொறந்து பாத்துப்போட்டன்."

காப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் கட்டிலுக்குப் போனோம். நாச்சிமுத்து இருமினார். தலையணை கீழே சரிந்திருந்தது. அதை ஏற்றி வைக்க மயிலாத்தாள் கையைத் தூக்கினாள்.

அவர் முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சுருண்டார். சத்தமே வரவில்லை.